ஒரே பெயர், இரண்டு தட்டார்கள்

பேரன் என்கிற சொல்லே பெயரன்தான்; பாட்டன் பெயரைச் சுமப்பவன். ராமநாதபுரம் கரையில் வெள்ளி, தங்க வேலை செய்த தட்டார் குடும்பங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் தேடிப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சொல்லில்தான். தாத்தா ராமலிங்க ஆசாரி, பேரனும் ராமலிங்க ஆசாரி. ராமேஸ்வரத்துச் சாமி பெயர் இந்தச் சீமை முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பங்காளி வீட்டிலும் ஒரு ராமலிங்கம் இருப்பார்.

பெயர் போகட்டும், வருஷத்தை வைத்துப் பிரிக்கலாமே என்றால் அதிலும் வம்பு. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே வருஷப் பெயர் திரும்பி வரும். தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அதுதானே! சகாப்தம் குறிக்காத ஓர் ஓலை 'ராட்சச வருஷம், ராமலிங்க ஆசாரி' என்று மட்டும் சொன்னால், அது 1735ஆ, 1795ஆ? முந்தியது சேதுபதி ஆட்சி. பிந்தியது, கும்பினி 1795 பிப்ரவரியில் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறைப்பிடித்த இரண்டே மாதத்தில் பிறந்த வருஷம். யாருடைய அதிகாரத்தின்கீழ் அந்தப் பட்டறை நடந்தது என்பதே மாறிப்போகிறது.

இதே சிக்கல் ராஜாக்களுக்கும் உண்டு. ரகுநாத என்கிற பெயர் சேதுபதிகளிடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அவர்களைத் திருமலை, கிழவன் என்று அடையாளம் பிரித்து, கிழவன் 1710இல் இறந்தார் என்பதுவரை குறித்து வைத்தாயிற்று. தட்டாருக்கு அந்த உழைப்பை யார் செலவழித்தார்கள்?

லண்டன் கதை வேறு. அங்கே பொற்கொல்லர் மன்றத்தில் ஒவ்வொருவரும் தன் முத்திரையைப் பதிய வேண்டும். கணவனை இழந்த ஹெஸ்டர் பேட்மன் 1761இல் தன் பெயரிலேயே முத்திரை பதிந்தார்; 1790இல் மகன்கள் பீட்டரும் ஜோனதனும் பதிந்தார்கள்; அடுத்த ஆண்டு ஜோனதன் இறக்க, அவர் மனைவி ஆன் பீட்டரோடு சேர்ந்து பதிந்தார். குடும்பப் பெயர் ஒன்றுதான், கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் ஆள் தெரியும். அந்த முத்திரை ஒன்றும் தொழிலாளிமேல் வைத்த பாசம் இல்லை. கலப்படம் செய்தவனைப் பிடிக்கும் கண்காணிப்பு. ஆனாலும் அதன் தயவில் இரண்டு பெண்கள் வரலாற்றுக்குள் வந்துவிட்டார்கள். நம் தட்டார் வீட்டில் பட்டறைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து தீர்த்த பெண்ணுக்கு எந்த ஏடு? செய்த நகையாவது பேசுமா என்றால் அதுவும் இல்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பழசை அழிச்சுப் புதுசு பண்ணுவதுதான் நம் வழக்கம்.

மிஞ்சுவது செப்பேடு. எஸ்.எம். கமாலும் புலவர் செ. இராசுவும் தொகுத்த சேதுபதி செப்பேடுகளைப் புரட்டிப் பாருங்கள். இரணியகர்ப்பயாஜி தொடங்கி மன்னரின் விருதுகள் வரி வரியாக நீளும். அத்தனையையும் வெட்டியவரின் பெயர், இருந்தால், கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 'எங்க முப்பாட்டன்' என்று சாதிப் பெருமைக்கு வம்சாவளி கட்டிவிடுவது சுலபம். எந்த ராமலிங்கம் என்று கேட்டால் பதில் வராது.

ஒரு வழி இருக்கிறது. புள்ளி வைக்காத, காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும் அந்த எழுத்தை ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதமாக வெட்டியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பெயருக்குள் இரண்டு கைகள் பிரியக்கூடும். அச்சுக்கு வந்ததும் எல்லாம் ஒரே எழுத்தாகிவிடுகிறது. எனவே புத்தகம் போதாது, செப்பேட்டின் நிழற்படம் வேண்டும்.