கலர் கோழிக்குஞ்சு மூன்றாவது நாளே இறப்பது ஏன்? வீட்டில் கோழி வளர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சந்தை வாசலிலோ பள்ளிக்கூடம் பக்கத்திலோ கூடை நிறைய பச்சை, ரோஸ், மஞ்சள் கலரில் கோழிக்குஞ்சுகள். குழந்தை அடம் பிடிக்கிறது. விலையும் குறைவு என்பதால் இரண்டை வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு, கொஞ்சம் அரிசி தூவி வைக்கிறோம். முதல் நாள் துறுதுறுன்னு ஓடுகிறது. மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்குள் அசைவே இல்லை. "அது அப்படித்தான், பிழைக்காது" என்று குழந்தையைச் சமாதானம் செய்கிறோம்.

உண்மையில் பிழைத்திருக்கும். வீட்டுக் கோழிகள் சாவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை நம்மால் தடுக்கக் கூடியவை. அவற்றில் முக்கியமானவை மூன்று: முதல் வாரத்துக் குளிர், வெள்ளைக் கழிச்சல், இரவில் வரும் விலங்கு.

கலர் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன?

முட்டைக்கென்றே வளர்க்கப்படும் இனங்களில் சேவலுக்கு வேலை இல்லை. அது முட்டை இடாது, பிராய்லர் போல வேகமாகச் சதையும் போடாது. அதனால் குஞ்சு பொரிப்பகங்களில் ஆண் குஞ்சுகளைத் தனியாகப் பிரித்து மலிவாகத் தள்ளிவிடுவார்கள். சாயம் பூசி விற்கப்படுபவை பெரும்பாலும் இவைதான். முட்டைக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தானே இருந்தது?

பொரிந்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு, சுமார் மூன்று நாள் வரை அதைத் தாங்கும். அதற்குள் அது தானாகத் தின்னவும் குடிக்கவும் பழக வேண்டும். குளிரில் நடுங்கும் குஞ்சு தீவனப் பக்கமே போகாது. மஞ்சள் கரு தீர்ந்ததும் சுருண்டுவிடும்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதன்பின் வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பெட்டியின் ஒரு ஓரத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால் சில குஞ்சுகளுக்குப் போதும். எல்.இ.டி பல்பு சூடு தராது.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளைப் பாருங்கள்.

• பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தால் குளிர்கிறது. பல்பை இறக்குங்கள்.
• ஓரத்துக்கு ஓடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பல்பை ஏற்றுங்கள்.
• பெட்டி முழுக்கப் பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

அடியில் உமி அல்லது மரத்தூள் போடுங்கள். வழுவழுப்பான காகிதத்தை மட்டும் விரித்தால் குஞ்சின் கால்கள் வழுக்கி விலகிவிடும். உமி ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் பரவும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு விழுந்து மூழ்காது.

வெறும் அரிசி போதுமா?

போதாது. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். கடையில் 'சிக் ஸ்டார்ட்டர்' என்று கேட்டால் கிடைக்கும். பெரிய கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தின்னும். மேயவிட்டால் புழு, கரையான், கீரை என்று ஒரு பங்கை அதுவே தேடிக்கொள்ளும். முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். உப்பு அதிகமான மிச்சச் சாப்பாடும் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் வேண்டவே வேண்டாம்.

வெள்ளைக் கழிச்சல்: ஏன் இவ்வளவு பயம்?

நேற்று வரை நன்றாக இருந்த பத்துக் கோழியில் ஒரே வாரத்தில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இந்த நோய்தான். உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. இந்தியாவில் 1920-களின் இறுதியில் இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால், இங்கே ராணிக்கெட் நோய். வெள்ளை அல்லது பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், தொங்கும் இறக்கை, முறுக்கிக்கொள்ளும் கழுத்து ஆகியவை அறிகுறிகள்.

இது வைரஸ். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது, மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. தடுப்பூசி மட்டுமே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடியும், எட்டு வாரத்தில் ஊசி என்பது பொதுவான கணக்கு. எட்டாவது வார ஊசி வீரியமானது, அதைச் சின்னக் குஞ்சுக்குப் போடக்கூடாது. உங்கள் கோழிக்கு எது, எப்போது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏன் பலரும் போடுவதில்லை? ஒரு குப்பியில் 100 கோழிக்கும் மேல் மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாலு கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் தீர்வு. அரசு கால்நடை மருந்தகத்தில் முகாம் எப்போது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வழக்கமாகப் பிப்ரவரியில், கோடைக்கு முன்பே, கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் நடக்கும்.

புதிதாக வாங்கிய கோழியை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். குறைந்தது மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

இரவில் எங்கே அடைப்பது?

மரநாய், பெருச்சாளி, பாம்பு எல்லாமே இரவில் கூண்டைத் தேடி வரும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். மரநாய் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் நல்லது. ஒரு கோழிக்கு 2 சதுர அடியாவது இடம், உட்கார ஒரு கம்பு, மேலே காற்றுப் போக இடைவெளி, நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி. பொழுது சாயும்போது எண்ணிப் பார்த்து அடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கோழிக்கு வியர்க்காது. நாக்பூர், டெல்லி மாதிரி வெயில் கொளுத்தும் ஊர்களில் மே மாதம் நிழலும், நாளைக்கு இரண்டு மூன்று முறை மாற்றிய தண்ணீரும், கூண்டின்மேல் நனைத்த கோணிச் சாக்கும் உயிர் காக்கும்.

பறவைக் காய்ச்சல் வந்தால்?

இந்தியாவில் முதல் பாதிப்பு 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் உறுதியானது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகள் அழிக்கப்படும். வீட்டுக் கோழியும் இதில் அடங்கும், அரசு இழப்பீடு தரும். திடீரெனப் பல கோழிகள் செத்தால் மறைக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்கவும் கூடாது. சாதாரண நாளிலும் கோழியைத் தொட்டபின் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது

ஒற்றைக் கோழி வேண்டாம். அது கூட்டமாக வாழும் பறவை, இரண்டு மூன்றாவது வேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. விடியுமுன் கூவும் சேவலால் பக்கத்து வீட்டுச் சண்டை வருவது சகஜம். நகரங்களில் விதிகள் ஊருக்கு ஊர் மாறும், மாநகராட்சியிலும் குடியிருப்புச் சங்கத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். இரண்டு வருடத்துக்குப் பிறகு அது குறையும், ஆனால் கோழி ஐந்து முதல் எட்டு வருடம் வரை வாழும். அப்போது அது வளர்ப்புப் பிராணியா, குழம்பா? பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.