பித்தின் காலக்கணக்கு

சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள படவேடு, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர். படைவீடு என்ற பழம்பெயர் அதற்குச் சான்று. இன்று நம்மில் பெரும்பாலோர் அவ்வூரை அறிவது ரேணுகாம்பாள் கோயிலால்தான். தமிழகத்து அம்மன் தலங்கள் பலவற்றிலும் உடற்பிணியோடு மனப்பிணியும் முறையிடப்படுகிறது. படவேட்டுக்கு வடக்கே, வேலூரையொட்டிய பாகாயத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்கி வருகிறது. இம்மலையடிவாரத்தில் ஒருவருக்கு மனம் பிறழ்ந்தால் உறவினர் முன் இருக்கும் வழிகள் இவை இரண்டும். இருதுருவ மனநோயை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாற்றை இவ்விரு வழிகளையும் கருத்தில் கொண்டு பார்ப்பது பயனுடையது.

பித்து என்ற சொல்லை நம் மொழி இழிவாகவும் ஆண்டிருக்கிறது, உயர்வாகவும் ஆண்டிருக்கிறது. சுந்தரர் இறைவனையே பித்தன் என்றழைத்தார். சித்த மருத்துவம் மனநோயைக் கிரிகை என்று பெயரிட்டுப் பதினெட்டு வகைகளாகப் பிரித்தது. ஆயினும் இருதுருவ மனநோயில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. ஒரே நாளில் பார்த்து அதனை அறிய முடியாது. உறக்கமின்றியும் களைப்பறியாமல், ஓயாது பேசி, கைப்பொருளை வாரியிறைத்து, தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்று திரிபவரும், சில மாதம் கழித்துப் பாயைவிட்டு எழ மனமின்றிச் சாவை நினைத்துக் கிடப்பவரும் ஒருவரே என்பது, இரண்டு காலத்தையும் பார்த்தவருக்கே தெரியும்.

ஐரோப்பாவில் இதைத் தெளிவுறச் சொன்னவர்களில் முதல்வர் பாரிஸ் மருத்துவர் ழான் பியர் ஃபால்ரே. எழுச்சி, சோர்வு, இடையே ஒரு தெளிந்த காலம் என மூன்றும் மாறிமாறி வரும் ஒரே நோயை 1851இல் அவர் 'சுழல் பித்து' என்று விவரித்தார். ஜெர்மானியரான எமில் கிரேப்பெலின், நோயாளி ஒவ்வொருவருக்கும் அட்டை ஒன்று வைத்து, ஆண்டுக்கணக்கில் அவர்களுக்கு நேர்ந்ததைக் குறித்து வந்தார். இன்றைய தோற்றத்தை மட்டும் பாராமல் நோய் செல்லும் போக்கையும் கொண்டு வகைபிரித்த அவர், 1899இல் வெளியிட்ட நூற்பதிப்பில் இதனைத் தனி நோயாக நிறுவினார். சோர்வு மட்டும் வருவோரையும் இரண்டும் வருவோரையும் கார்ல் லியோன்ஹார்ட் 1957இல் வேறுபடுத்தினார். 'இருதுருவம்' என்ற பெயர் நிலைத்தது அதன் பின்னரே.

அதே 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யாசாகர் அதற்குச் சற்று முன்பே உறவினர்களைக் கூடாரங்களில் தங்கவைத்திருந்தார். மேலைநாட்டு மனநோய் விடுதிகள் உறவினரை வெளியே நிறுத்திய காலம் அது. உடன் தங்கும் உறவினர் பணிவிடைக்கு மட்டும் வந்தவரல்லர். அவரே நோயின் நினைவேடு. சோர்வுற்று வருபவர் தன் பழைய எழுச்சியை நோயாகக் கருதிச் சொல்வதில்லை. தான் நன்றாக இருந்த காலம் என்றே எண்ணுவார். அதைக் கேட்டறியாமல் சோர்வுக்கான மருந்தை மட்டும் கொடுத்தால், சிலரிடம் அதுவே எழுச்சியைத் தூண்டிவிடும். 'மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாதம் தூங்காமல் நிலத்தை விற்கப் போனார்' என்று மனைவியோ தமக்கையோ சொல்லும் ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றிவிடும்.

கோயில் வழியை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. தமிழகத்து முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை உளமருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அவர்களில் இருவர் இருதுருவ மனநோயின் எழுச்சி நிலையில் இருந்தவர்கள். சில வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. பரிவும் பாதுகாப்பும் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதையும் மறத்தலாகாது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்கிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். இந்நோயின் எழுச்சி, மருந்தில்லாவிடினும் சில மாதங்களில் பெரும்பாலும் தானே தணிவது. தணியும் வேளையில் எந்த வாசலில் நின்றோமோ அந்த வாசலுக்கே பெருமை சேர்கிறது. இதில் மருத்துவமனை வாசலுக்கும் விலக்கில்லை. 'குணமாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவோரும் அதே பிழையைத்தான் செய்கின்றனர். ஃபால்ரே சொன்ன தெளிந்த காலமும் நோயின் ஒரு பகுதியே.

அத்தெளிவை நீட்டித்துத் தருவது லித்தியம் என்ற எளிய உப்பு. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்ட ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், எழுச்சி நிலையிலிருந்த பத்துப் பேருக்கு அதனைக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி மறு ஆண்டே லித்தியம் நஞ்சேறி இறந்தார். பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. ஆதலால்தான் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் தவறாது சோதிக்கின்றனர். உணவில் உப்பைத் திடீரெனக் குறைத்தாலும், வயிற்றுப்போக்கிலோ வெயிலிலோ உடல்நீர் வற்றினாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கைநடுக்கம் மிகுவதும், வாந்தியும், நடைதள்ளாட்டமும் அதன் எச்சரிக்கைகள். ஆடி மாதத்தில் உப்பில்லா விரதமிருந்து வெயிலில் நடப்பவர் லித்தியம் உண்பவராயின், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விரதமிருப்பதைக் கேட்டறிவது மருத்துவருக்கும் கடமை. மற்றொரு மருந்தான வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். எனவே பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கு அதை இயன்றவரை தவிர்க்கின்றனர்.

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இந்நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சிகிச்சை பெறவில்லை. மருந்தும் மருத்துவரும் எட்டாத தொலைவில் இருப்பது அதற்கு ஒரு காரணம். எழுச்சியைக் குணக்கேடாகவும் சோர்வைச் சோம்பலாகவும் தனித்தனியே கண்டு, இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாமல் விடும் நம் பழக்கம் மற்றொன்று. கிரேப்பெலின் அட்டையில் எழுதியதை ஒரு வீட்டார் நாட்காட்டியிலேயே எழுதலாம்: எந்த மாதம் உறக்கம் குறைந்தது, எப்போது பேச்சு நின்றது, எந்த மருந்து எப்போது விடப்பட்டது. அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பாகாயத்துக்குப் பேருந்தேறுபவர், நோயாளியின் பல ஆண்டுகளை உடன் கொண்டு செல்கிறார்.