வாக்குச்சாவடிக்கு முந்தி, வகுப்பறைக்குப் பிந்தி

2021 ஏப்ரல் 6 அன்று தமிழகத்தின் பள்ளிக் கட்டடங்கள் காலை 7 மணிக்கே திறந்துவிட்டன. அன்று சட்டமன்றத் தேர்தல். கூட்டத்தைக் குறைப்பதற்காக வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கை 88,000-க்கும் மேலாகக் கூட்டப்பட்டிருந்தது. வாசலில் வெப்பமானி, கைகளுக்குக் கிருமிநாசினி, வாக்காளருக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை. மாலை 6 மணிக்கு மேல் கொரோனா நோயாளிகளும் வந்து வாக்களிக்கலாம். அவர்களை எதிர்கொள்ள ஊழியர்களுக்குக் கவச உடை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அதே கட்டடங்களில் 9 முதல் 11 வரையிலான வகுப்புகள் மார்ச் 22 முதல் நிறுத்தப்பட்டிருந்தன. தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைகளோ ஓராண்டுக்கு மேலாக வகுப்பறைக்குள் கால் வைக்கவில்லை. ஆசிரியர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை தர வேண்டுமா என்ற விவாதத்துக்கு இந்திய அரசு எழுதிய பதில் இந்த முரணில்தான் இருக்கிறது. முன்னுரிமை தரப்பட்டது, ஆனால் பாடம் நடத்துவதற்காக அல்ல, தேர்தல் நடத்துவதற்காக.

காலவரிசையைப் பார்த்தால் இது விளங்கும். 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ ஒரு கோடி மருத்துவப் பணியாளர்களும், அடுத்து இரண்டு கோடி முன்களப் பணியாளர்களும் பட்டியலில் இருந்தார்கள். முன்களம் என்றால் காவல் துறை, பாதுகாப்புப் படைகள், தூய்மைப் பணியாளர்கள், வருவாய்த் துறையினர். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்கள், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்தவர்கள், மே 1 முதல் 18 வயதைக் கடந்தவர்கள் என்று கதவு படிப்படியாகத் திறந்தது. ஆசிரியர் என்ற பெயரில் இதில் எங்கும் இடமில்லை. பிப்ரவரி 26 அன்று ஐந்து சட்டமன்றங்களுக்கான தேர்தல் தேதிகளை அறிவித்த தேர்தல் ஆணையம், தேர்தல் பணியில் இருப்போர் அனைவரும் முன்களப் பணியாளர்களாகக் கருதப்பட்டு ஊசி பெறுவார்கள் என்றது. 30 வயது ஆசிரியை ஒருவர் வாக்குப்பதிவு அலுவலராக வரிசையில் நிற்கலாம்; கணக்கு டீச்சராக நிற்க முடியாது.

இது யாரோ ஓர் அதிகாரியின் மறதி அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. கடைக்கோடி ஊர் வரை அரசுக்கு இருக்கும் கை ஆசிரியர்தான் என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது. அந்தக் கை மற்ற வேலைகளுக்கு இன்றியமையாதது என்று கண்ட அரசு, அதன் சொந்த வேலைக்கு இன்றியமையாதது என்று காணவில்லை. இத்தனைக்கும் 2020 டிசம்பரிலேயே யுனெஸ்கோவும் யுனிசெஃபும் ஆசிரியர்களை முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டிருந்தன. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் ஜனவரி இறுதியில் முதியோருக்கு முன்பாகவே ஆசிரியர்களுக்கு ஊசி போடத் தொடங்கிக் கண்டனத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. மார்ச் 2 அன்று அதிபர் பைடன், அம்மாத இறுதிக்குள் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு டோஸாவது கிடைக்க வேண்டும் என்றார். அங்கே வாதம் சூடாக நடந்தது. இங்கே அந்தச் சூட்டில் வாதம் நடக்கவில்லை.

முன்னுரிமைக்கு எதிரான வலுவான மறுப்பு வயது பற்றியது. கொரோனாவில் மரணம் முதியோரையே அதிகம் தேடிப் போனது; இளம் ஆசிரியருக்குப் போகும் ஒவ்வொரு ஊசியும் ஒரு முதியவரிடமிருந்து பறித்தது ஆகாதா? தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இருந்த ஏப்ரல், மே மாதங்களுக்கு இந்தக் கேள்வி முழுக்கப் பொருந்தும். பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குப் பொருந்தாது. அப்போது ஊசிக்குத் தட்டுப்பாட்டைவிட, போட்டுக்கொள்ள மக்களுக்கு இருந்த தயக்கமே பெரிய தடையாக இருந்தது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கும் அதிகமான டோஸ்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தன. இந்தியாவின் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 97 லட்சம் பேர். அவர்களில் 45 வயதைக் கடந்தவர்களுக்கு ஏப்ரலில் எப்படியும் முறை வந்துவிட்டது. மீதிப் பேருக்கான டோஸ்கள் யாருடைய உயிருக்கும் போட்டியாக நின்றிருக்காது.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஊசியே இல்லாமல் பள்ளி திறக்க முடியும் என்பதை டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே காட்டிவிட்டது. ஆசிரியருக்கு ஊசி போட்டால்தான் பள்ளி என்பது திறக்காமலிருக்க ஒரு சாக்கு அல்லவா? பாதி உண்மை. தடுப்பூசி நிபந்தனையாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழகத்தில் பள்ளியைத் திறப்பது பெற்றோரிடம் கேட்டு எடுக்கப்பட்ட முடிவு. 2020 நவம்பரில் கருத்துக் கேட்டபின் திறப்பு தள்ளிப்போனது. 2021 ஜனவரியில் மீண்டும் கேட்டபின்தான் 19-ஆம் தேதி 10, 12 வகுப்புகள் தொடங்கின. இத்தகைய சூழலில் ஊசி என்பது நோய்த்தடுப்பு மட்டுமல்ல, நம்பிக்கைக்கான சான்றும்கூட. 2021 ஜூலை 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம், ஆசிரியர்களும் ஊழியர்களும் ஊசி போட்டிருப்பதை உறுதிசெய்துவிட்டு என்றார். அன்று வெளியான ரத்தப் பரிசோதனை ஆய்வின்படி 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதத்தினரிடம் ஏற்கெனவே எதிர்ப்பணுக்கள் இருந்தன. அறிவியல் தயாராக இருந்தது. ஊசி போட்ட ஆசிரியர் பட்டியல்தான் தயாராக இல்லை. ஆசிரியர் தினத்துக்குள் ஊசி போட்டு முடிக்க இரண்டு கோடி டோஸ்கள் கூடுதலாகத் தரப்படும் என்று மத்திய சுகாதார அமைச்சர் அறிவித்தது ஆகஸ்ட் 25 அன்றுதான்.

முன்னுரிமை கொடுத்திருந்தாலும் இரண்டாம் அலையில் பள்ளிகள் மூடித்தானே இருந்திருக்கும் என்று கேட்கலாம். இருந்திருக்கும். ஆனால் ஆசிரியர்கள் பத்திரமாக இருந்திருப்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் அந்த ஏப்ரலில் நான்கு கட்டங்களாக நடந்த உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி இறந்த ஆசிரியர்களும் கல்வித் துறை ஊழியர்களும் 1,621 பேர் என்றது ஆசிரியர் சங்கம். மூன்றே பேர் என்றது அரசு. பின்னர் பணி முடிந்து 30 நாட்களுக்குள் இறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என முடிவானது. அலை ஓய்ந்தபின் தமிழகத்திலும் பள்ளிகள் ஜூலையிலேயே திறந்திருக்க முடியும். 9 முதல் 12 வரை திறந்தது செப்டம்பர் 1. 1 முதல் 8 வரை நவம்பர் 1.

அந்தத் தாமதத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? பொருளியலாளர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 ஏழைப் பிள்ளைகளைச் சந்தித்தார்கள். கிராமங்களில் தொடர்ந்து ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். எதுவுமே படிக்காதவர்கள் 37 சதவீதம். தமிழகம் கல்வித் தொலைக்காட்சியை நடத்தியது, அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது, நல்ல முயற்சிகள்தான். ஆனால் மாலையில் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் நடத்தும் வகுப்பு, இழந்த பள்ளி நாட்களுக்கு ஈடாகாது.

அடுத்த பெருந்தொற்று வரும்போது இந்த விவாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மருத்துவப் பணியாளருக்கும் முதியோருக்கும் அடுத்த இடத்தில் ஆசிரியர், சத்துணவுப் பணியாளர், அங்கன்வாடி ஊழியர் என்ற வரிசையை இப்போதே அரசாணையாக எழுதி வைக்கலாம். தேர்தல் வருகிறதா இல்லையா என்பதைப் பார்த்து அந்த வரிசை மாறக் கூடாது.