மோட்டார் சைக்கிளும் மன்னார் மக்களும்

மன்னாரின் போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுவோர் மூன்று செய்திகளைத் தவறாது குறிப்பிடுவர். 1914ஆம் ஆண்டில் தலைமன்னாரும் தனுஷ்கோடியும் நீராவிக் கப்பலால் இணைக்கப்பட்டமை முதலாவது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தமை இரண்டாவது. 1990இல் போரினால் நின்றுபோன புகையிரதம் 2015 மார்ச் 14 அன்று மீண்டும் தலைமன்னாரை அடைந்தமை மூன்றாவது. இவை முக்கியமான செய்திகள்தாம். ஆயினும் இவை தண்டவாளத்தின் வரலாறு, கப்பலின் வரலாறு, அரசுகளின் வரலாறு. விடிவதற்கு முன்னர் பேசாலைக் கரையில் மீன் வாங்கி, வெயில் ஏறுமுன் உள்ளூர்களுக்குச் சென்று விற்றுத் தீர்க்க வேண்டிய மனிதன் எதில் ஏறிச் செல்கிறான் என்ற எளிய வினாவுக்கு இவ்வரலாறு விடை கூறுவதில்லை.

அவன் ஏறிச் செல்வது மோட்டார் சைக்கிள். அது அவனுக்காகச் செய்யப்பட்டதன்று. யப்பானிலோ இந்தியாவிலோ, வேறொரு வீதிக்காக, வேறொரு உடலுக்காக, வேறொரு சுமைக்காகச் செய்யப்பட்டது. அதனைத் தன் வீதிக்கும் தன் உடலுக்கும் தன் சுமைக்கும் ஏற்றவாறு அவன் மாற்றிக்கொண்டான். அவனுக்குத் துணைநின்றவர் கராஜில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு உழைக்கும் மெக்கானிக். வசதி படைத்தவன் பல வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறான். வசதியற்றவன் கிடைத்ததை வாங்கித் திருத்திக்கொள்கிறான். இந்தத் திருத்தத்தின் வரலாற்றையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

மன்னார்த் தீவின் தெருக்களில் இன்று உரிமையாளரின்றித் திரியும் கழுதைகளை வெளியூரார் வேடிக்கையாகப் பார்க்கின்றனர். அராபிய வணிகர் கொண்டுவந்தவை என மரபு கூறும் இவ்விலங்குகள் ஒருகாலத்தில் இத்தீவின் சுமைதாங்கிகளாய் இருந்தன. இயந்திர வண்டி பெருகியதும் அவற்றின் வேலை போயிற்று; வேலை போனதும் மதிப்பும் போயிற்று. உழைக்கும் உயிரைச் சமுதாயம் எவ்வாறு மதிக்கிறது என்பதற்கு அவை நடமாடும் சான்றுகள். அவற்றின் முதுகில் இருந்த சுமை முதலில் துவிச்சக்கர வண்டிக்கு மாறிற்று. பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிற்று.

எந்த மோட்டார் சைக்கிளுக்கு? 1958இல் யப்பானில் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சிறு வண்டியை வெளியிட்டது. ஒரு கையில் உணவுத் தட்டைச் சுமந்து செல்லும் உணவுக்கடைப் பணியாளன் மற்றைக் கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பதே அதன் அமைப்பாளர் தம் முன் வைத்துக்கொண்ட நோக்கம். எனவே இடக்கைக் கிளச் நீக்கப்பட்டது. காலைத் தூக்கிப் போடாமல் ஏறுவதற்கு நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. சேற்றைத் தடுக்கக் காலுக்கு முன்னே மறைப்பு வந்தது. ஓர் உழைப்பாளியின் உடலையும் தொழிலையும் முதலில் எண்ணி, அதன்பின் இயந்திரத்தை எண்ணியதன் விளைவு அது. 2017இல் அவ்வின வண்டிகளின் உலக உற்பத்தி 10 கோடியைக் கடந்தது. நல்ல வண்டி என்பது வேகமான வண்டியன்று, பொருந்தும் வண்டியே என்பதற்கு இதனைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அந்த இனத்தின் 50, 70, 90 வகைகள் எமது வடபகுதியில் பெருவழக்குப் பெற்றன. யப்பானிய அஞ்சற்காரருக்கென அமைக்கப்பட்ட எம்.டி. 90, கடிதப்பைகளைத் தாங்கும் அதன் உறுதியான கரியர் காரணமாகவே, நெல் மூடைக்கும் விறகுக்கும் ஏற்றதாயிற்று. சிறு சக்கரம் கொண்ட 'சாளி' பெண்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உகந்ததாய் இருந்தது. ஆனால் தீவின் மணற்பாதையில் சிறு சக்கரம் எளிதிற் புதையும். சி.டி. 125 வலிமை மிக்கது, ஆனால் கனமானது, மணலில் சாய்ந்தால் தனியொருவர் நிமிர்த்துவது கடினம். மணல், சுமை, உடல்வலு, எரிபொருட் செலவு என்னும் நான்கையும் வைத்தே எமது மக்கள் வண்டிகளை ஒப்பிட்டனர். இவற்றோடு ஐந்தாவதாக உப்புக்காற்றும் சேரும். கரையோரத்தில் செயினையும் சக்கரக் கம்பிகளையும் முதலில் தின்பது அதுவே. விளம்பரத்தாளில் அதற்கென ஒரு நிரல் இருப்பதில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அரச கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட பகுதிகளுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. மன்னார் மாவட்டம் இரண்டாகப் பிளந்தது. தீவு படையினர் வசமாயிற்று. அடம்பன், விடத்தல்தீவு, மடு ஆகியவை மறுபுறம் நின்றன. உயிலங்குளம் போன்ற இடங்களில் இருந்த சோதனைச் சாவடிகள், ஒருவரின் பையில் உள்ள சவர்க்காரத்தையும் எண்ணும் எல்லைகளாயின. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடும் மிகுந்த விலையோடும் கிடைத்தது. இந்நிலையில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இதனை மாயவித்தை என்று எண்ணலாகாது. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். எனவே சிறு போத்தலில் பொன்போற் காத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து இயக்கி, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் போட்சன் உழவு இயந்திரங்கள் இதே முறையில்தான் இயங்கின. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் உழுதன. பெரிய தொழிற்சாலைகளின் பொறியியலாளர் வரைபடத்தில் அமைத்த அதே விதியை, வரைபடமும் பரிசோதனைச் சாலையும் அற்ற எமது மெக்கானிக்குகள் மரநிழலில் நின்று நடைமுறைப்படுத்தினர். அறிவு பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் மட்டுமே விளைகிறது என்பாருக்கு இதுவே மறுப்பு.

ஆயினும் இதனைப் புகழ்ந்து பாடி முடித்துக்கொள்வதும் பிழையாகும். மண்ணெண்ணெய்ப் புகை ஓட்டியவரின் கண்ணை எரித்தது, மூச்சை அடைத்தது. பிளக்கில் கரி படிந்து வண்டி நடுவழியில் நின்றது. நோயாளியை ஏற்றிச் செல்லும்போது நின்ற வண்டியின் கதையை அக்காலத்தவரைக் கேட்டால் அறியலாம். மக்களின் புத்திக்கூர்மையை மெச்சுவோர், அப்புத்திக்கூர்மையை அவர்கள்மீது சுமத்திய தடையை மறந்துவிடுகின்றனர். அக்காலத்தின் மற்றொரு கொடுமையையும் நாம் மறைத்தல் ஆகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியும் பிற ஊர்களும் வெறுமையாயின. தலைமுறை தலைமுறையாகத் தேடிய உடைமைகளோடு வண்டிகளையும் விட்டு அம்மக்கள் புத்தளக் கரையை அடைந்தனர். 'எமது மக்கள்' என்று நாம் கூறும்போது அவர்களை உள்ளடக்காத வரலாறு நேர்மையான வரலாறாகாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபின் தடைகள் தளர்ந்தன. மீண்டும் போர், 2009 மேயில் அதன் முடிவு. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. வீதிகள் செப்பனிடப்பட்டன. வீதியோடு நிதி நிறுவனங்களும் வந்தன. இந்திய வண்டிகள் தவணைக்குக் கிடைத்தன. வண்டி வாசலில் நின்றது. கடனும் வாசலில் நின்றது. தவணை தவறினால் வண்டி போகும், வண்டி போனால் தொழில் போகும் என்ற நிலையில், வாங்கிய வண்டியைத் தொழிலுக்கு ஏற்றதாக்குவது ஆடம்பரமன்று, பிழைக்கும் வழி.

மீன் வியாபாரியின் வண்டியை எடுத்துக்கொள்வோம். பின்னிருக்கையின் இடத்தில் பனிக்கட்டியும் மீனும் நிறைந்த பெரும் பெட்டி அமர்கிறது. சுமை முழுவதும் பின்சக்கரத்தில் விழ, முன்சக்கரம் இலேசாகிக் கைபிடி ஆடுகிறது. ஆகவே பெட்டியை இயன்றவரை முன்னே தள்ளித் தாழ்த்திப் பொருத்த வேண்டும். பின் ஸ்பிரிங்கை வலுப்படுத்த வேண்டும். மீன்நீர் சட்டகத்தில் வழியாதபடி பெட்டியின் வடிகுழாய் அமைய வேண்டும். கட்டுக்கரைக்குளத்தின் நீர் பாயும் முருங்கன், நானாட்டான் வயல்வெளி விவசாயிக்கோ வேகம் வேண்டியதில்லை, இழுவை வேண்டும். பின்பற்சக்கரத்தின் பற்கள் 42 இலிருந்து 45 ஆக உயருமாயின் இழுவிசை ஏறத்தாழ 7 வீதம் கூடும். அதே அளவுக்கு வேகம் குறையும். நாம் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டும் விகிதக் கணக்கை, பாடசாலையை இடையில் விட்ட மெக்கானிக் விரல் நுனியில் வைத்திருக்கிறார்.

பெண்களின் வண்டியும் இவ்வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும். சேலையின் தலைப்போ அபாயாவின் விளிம்போ சக்கரத்திற் சிக்கி உயிர் குடிப்பது பழைய அபாயம். இந்தியாவில் பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. இலகுவான ஸ்கூட்டர்கள் பரவிய பின்னர் பெண்கள் பிறர் பின்னே அமர்வோராக அன்றித் தாமே ஓட்டுவோராயினர். போர் துணைவரைப் பறித்த குடும்பங்கள் மிகுந்த ஒரு மாவட்டத்தில், இருக்கையைச் சற்றுத் தாழ்த்தி நிலத்திற் கால் எட்டச் செய்யும் ஒரு சிறு வேலை, ஒரு பெண் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் எவர் தயவுமின்றிச் சென்றுவரும் உரிமையாகிறது.

இனி இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். எறிகணையாலும் கண்ணிவெடியாலும் கால் இழந்தோர் எம்மிடையே வாழ்கின்றனர். இடக்கால் இல்லாதவர் கியரை மிதிப்பது எவ்வாறு? வலக்கால் இல்லாதவர் பின்பிறேக்கை அழுத்துவது எவ்வாறு? தானியங்கி ஸ்கூட்டரின் இருபுறமும் துணைச்சக்கரம் பொருத்தி, பிறேக் முழுவதையும் கைக்குக் கொண்டுவந்தால், அவர் எழுந்து நடமாடும் மனிதராகிறார். ஆனால் துணைச்சக்கரத்தை எவ்வளவு அகலத்தில் வைப்பது, வளைவில் வண்டி கவிழாமல் எவ்வாறு காப்பது என்பவை உயிரோடு தொடர்புடைய கேள்விகள். இவற்றுக்கான விடையை ஒவ்வொரு மாற்றுத்திறனாளியும் தன் செலவில், தன் ஊர்ப் பட்டறையில், தன் உடலைப் பணயமாக வைத்துத் தேடவேண்டியுள்ளது.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இலேயே இயற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை அரசு 2016இல் ஏற்று உறுதிசெய்தது. தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும், தாங்கக்கூடிய செலவில் நடமாடும் உரிமையை அதன் 20ஆம் உறுப்புரை பேசுகிறது. காகிதத்தில் உள்ள இவ்வுரிமை மன்னார் வீதிக்கு வரவேண்டுமானால் அதற்கு மூன்று சக்கரங்கள் தேவை. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில், கால் இயக்கம் பாதிக்கப்பட்டோருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசே விலையின்றி வழங்கும் திட்டம் நடைபெறுகிறது. கடல் மைல் இருபது கூட இல்லாத தூரத்தில் அரசின் கடமையாக இருப்பது, இக்கரையில் தனிமனிதனின் சாமர்த்தியமாக ஏன் விடப்பட வேண்டும்?

மக்களின் திருத்தத்தைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டதற்கு வேறு சான்றுகளும் உள. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் புல்லட் மோட்டார் சைக்கிளின் முற்பகுதியோடு வண்டிப்பெட்டியை இணைத்து உருவான 'சக்கடா' பட்டறைப் பிள்ளையாகப் பிறந்து, பின்னர் தொழிற்சாலை உற்பத்தியாக வளர்ந்தது. அங்கே உழைப்பாளியின் அறிவு பதிவேட்டில் ஏறிற்று. இங்கோ, அனுமதியின்றி வண்டியை மாற்றுவது குற்றம் என்ற ஒரே அளவுகோல் எல்லோருக்கும் நீட்டப்படுகிறது. சைலன்சரைக் கழற்றி ஊரை அலறவைக்கும் இளைஞனின் மாற்றமும், காலிழந்தவரின் துணைச்சக்கரமும் ஒன்றல்ல. முன்னையது பிறர் அமைதியைப் பறிக்கிறது. பின்னையது பறிபோனதை மீட்கிறது. பாதுகாப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. பாதுகாப்பு வேண்டும் என்பதனாலேயே, தடை மட்டும் போதாது, வழிகாட்டலும் வேண்டும் என்கிறோம்.

மிக அண்மைக்கால நெருக்கடியும் இதனையே உணர்த்திற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளை ஓடவைத்தோர் சிறு கராஜ்களின் தொழிலாளரே. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவை எட்டி, பின்னர் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிடப்பட்டபோது, தென்னிலங்கை கண்ட நீண்ட வரிசையை வடபகுதியின் முதியோர் பழைய அனுபவத்தோடு நோக்கினர். அவர்களது அனுபவத்தை எழுத்தில் வைத்திருந்தோமா? இல்லை. போத்தலில் துளித்துளியாகச் சேர்த்த பெற்றோலைப் போன்ற அவ்வறிவு, அதனை உடையோர் ஒவ்வொருவராக மறைய மறைய ஆவியாகிப் போகிறது.

இதனைத் தடுக்க ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது யாது? தீவிலும் பெருநிலத்திலும் உள்ள பாடசாலைகள் ஒவ்வொன்றும் தன் ஊரின் கராஜ்களுக்கு மாணவரை அனுப்பலாம். 1990களில் எந்த இயந்திரத்தில் எதை மாற்றினீர்கள், எது பயன் தந்தது, எது ஆபத்தாயிற்று என்று கேட்டு எழுதலாம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பதிவேட்டில் இடம்பெறலாம். விஞ்ஞான ஆசிரியர் அம்மாற்றங்களைப் பாடமாக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரி துணைச்சக்கரத்துக்கான பாதுகாப்பான அளவுகளை ஆராய்ந்து ஊர்ப் பட்டறைகளுக்கு வழங்கலாம். அத்தகைய வண்டிகளை மாவட்டத்திலேயே இலவசமாகச் சோதித்துப் பதிவுசெய்யவும், அவற்றின் செலவை அரசே ஏற்கவும் வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் மாற்றுத்திறனாளர் அமைப்புகளும் ஒரே குரலில் கோரலாம். போர் பறித்த காலுக்கு ஈடாக ஒரு சக்கரத்தைக் கேட்பது பிச்சையன்று. அக்கோரிக்கையை எழுப்பும் பொறுப்பு எழுதப் படிக்கத் தெரிந்த எம் அனைவருக்கும் உண்டு.