சக்கரமும் நிலமும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும், இறுதிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அக்காலத்தில் மாணவர்களின் வினாக்கள் பலவற்றுக்கு விடை கூறியிருக்கிறேன். அவற்றுள் பிழையாகக் கூறிய விடைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைத் திருத்திக்கொள்ளவே இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

ஒருநாள் பத்தாம் வகுப்பில் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காரின் நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றினால், இரண்டை மட்டும் சுழற்றுவதைவிட நல்லதுதானே? பிறகு ஏன் பந்தயக் கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றுகிறார்கள்?" என்று கேட்டான். "நான்கே சிறந்தது. செலவு மிகுதி என்பதால் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். பந்தயத்துக்குக் கார் செய்பவர் செலவுக்கு அஞ்சுபவர் அல்லர் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த மாணவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிறைவு பெறாத முகத்துடன் அமர்ந்தான். ஓய்வுபெற்ற பின் கார்களின் வரலாற்றைப் படித்தபோதுதான், அவன் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை உணர்ந்தேன்.

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று; முன்சக்கரங்களின்மேல் பாதி எடை, பின்சக்கரங்களின்மேல் பாதி எடை. பனி மூடிய சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.2 எனக் கொள்வோம். பின்சக்கரங்கள் மட்டும் உந்தினால், 500 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ எடைக்கு நிகரான விசையே கிடைக்கும். அதற்கு மேல் முடுக்கினால் சக்கரம் வீணே சுழலும். நான்கு சக்கரங்களும் உந்தினால் 200 கிலோ கிடைக்கும். இங்கே என் விடை சரியே.

ஆனால் உலர்ந்த தார்ச்சாலையில் அந்தக் கெழு 0.9 அளவுக்கு உயர்கிறது. இப்போது பின்சக்கரங்கள் மட்டுமே 450 கிலோவுக்கு நிகரான விசையைத் தாங்கும். தொடக்கக் கியர்களில் அன்றிச் சாதாரணக் காரின் எஞ்சினால் அவ்வளவு விசையைத் தர இயலாது. மேலும், கார் விரைந்து கிளம்பும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்களை இன்னும் அழுத்துகிறது. முன்சக்கரங்களோ உந்தும் சுமை இன்றித் திருப்பும் வேலையை மட்டும் செய்கின்றன. ஒரு டயருக்கு உள்ள பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாத வருவாய் போன்றது. உந்துவதற்குச் செலவழித்தது போக எஞ்சியதே திருப்புவதற்குக் கிடைக்கும். நான்கு சக்கரங்களையும் இயக்குவதற்கு வேண்டிய கூடுதல் தண்டுகளும் பற்சக்கரங்களும் சேர்க்கும் எடையையோ கார் எப்போதும் சுமந்தாக வேண்டும்.

இனி வரலாற்றைக் காண்போம். நாற்சக்கர இயக்கம் புதிய எண்ணம் அன்று. 1903-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து நாட்டின் ஸ்பைக்கர் நிறுவனம், நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் 60 குதிரைத்திறன் பந்தயக் கார் ஒன்றைச் செய்தது. 1932-இல் புகாட்டி நிறுவனம் மலையேற்றப் பந்தயங்களுக்காக டைப் 53 என்ற நாற்சக்கர இயக்கக் காரைச் செய்தது. அதன் ஸ்டீயரிங்கைத் திருப்புவதே ஓட்டுநருக்குப் பெரும் உடற்பயிற்சியாக இருந்தது.

டிராக்டரால் புகழ்பெற்ற ஹாரி பெர்குசனின் நிறுவனம் பி 99 என்ற பந்தயக் காரை உருவாக்கியது. 1961 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஊல்டன் பார்க் களத்தில் ஸ்டெர்லிங் மாஸ் அக்காரை ஓட்டித் தங்கக்கிண்ணப் போட்டியில் வென்றார். அன்று ஓடுதளம் ஈரமாக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய பந்தயம் அன்று. எனினும் பார்முலா ஒன் வகைப் பந்தயம் ஒன்றை நாற்சக்கர இயக்கக் கார் வென்றது அந்த ஒரு முறைதான்.

அந்த வெற்றியை நினைவிற்கொண்டு 1969-இல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன் ஆகிய மூன்று நிறுவனங்களும் நாற்சக்கர இயக்கக் கார்களைப் பந்தயத்துக்கு அனுப்பின. ஆனால் அதே காலத்தில் பந்தயக் கார்களுக்குக் காற்றுத் தகடுகள் வந்துவிட்டன. காற்றின் அழுத்தமே காரை நிலத்தோடு அழுத்த, அகன்ற டயர்களும் சேர்ந்து, பின்சக்கரங்களுக்கு வேண்டிய பிடிப்பைத் தந்தன. கூடுதல் எடை வெறும் சுமையாயிற்று. அவ்வாண்டு கனடாவில் மாட்ரா காரில் சர்வோஸ்-காவின் ஆறாவதாக வந்து ஒரு புள்ளி பெற்றார். உலகச் சாம்பியன் போட்டியில் நாற்சக்கர இயக்கக் கார் ஈட்டிய புள்ளி அது ஒன்றே.

இதோடு கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1977-இன் குளிர்காலத்தில் பின்லாந்தின் பனிச்சாலைகளில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. ஆடி நிறுவனத்தின் பொறியாளர் யோர்க் பென்சிங்கரும் குழுவினரும் அங்கே சோதனைகள் நடத்தினர். ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட இல்டிஸ் என்ற சிறு வண்டியும் உடன் இருந்தது. அதன் ஆற்றல் 75 குதிரைத்திறனே. ஆயினும் பனியில் அது தன்னைவிட ஆற்றல் மிக்க கார்களை முந்தியது. காரணம் அதன் நான்கு சக்கரங்களும் உந்தியதுதான். அதிலிருந்து பிறந்த எண்ணமே குவாட்ரோ என்ற விளையாட்டுக் கார். அது 1980-இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளியிடப்பட்டது.

பொதுச் சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் நடக்கும் ராலிப் போட்டிகளுக்குக் குவாட்ரோ 1981-இல் வந்தது. அவ்வாண்டு இத்தாலியின் சான் ரெமோவில் மிஷேல் மூட்டோன் அக்காரை ஓட்டி வென்றார். உலகச் சாம்பியன் ராலிப் போட்டி ஒன்றில் வென்ற முதற் பெண்மணி அவரே. 1982-இல் நிறுவனங்களுக்கான பட்டம் ஆடிக்குக் கிடைத்தது. ஆனால் ஓட்டுநர் பட்டத்தை மூட்டோனை முந்திப் பெற்றவர் வால்ட்டர் ரோல். அவர் ஓட்டியதோ பின்சக்கர இயக்கமுடைய ஓபல் கார்.

1983-இல் நடந்த போட்டிதான் நம் வினாவுக்கு உரிய தேர்வுத்தாள். ஒரு பக்கம் ஆடி குவாட்ரோ. மறுபக்கம் இத்தாலியின் லான்சியா 037. பின்சக்கர இயக்கம், நடுவில் எஞ்சின், எடை ஏறத்தாழ 1000 கிலோ. அவ்வாண்டின் பன்னிரண்டு போட்டிகளுள் ஆடி ஐந்தில் வென்றது. லான்சியாவும் ஐந்தில் வென்றது. எங்கெங்கே வென்றன என்று பாருங்கள். பனி மூடிய சுவீடனும், சரளைப் பாதைகள் நிறைந்த பின்லாந்தும் ஆடிக்குக் கிடைத்தன. தார்ச்சாலைகள் நிறைந்த கார்சிகா லான்சியாவுக்குக் கிடைத்தது. நிலமே தீர்ப்பளித்தது எனலாம். ஆயினும் முழு உண்மை அதுவன்று. கிரீஸின் கற்சாலைகளிலும் நியூசிலாந்தின் சரளைச் சாலைகளிலும் லான்சியாவே வென்றது. வேகம் மட்டும் போதாது. கார் பழுதின்றி இறுதிவரை ஓடவும் வேண்டும். எளிய அமைப்புக்கு அங்கே ஒரு நன்மை உண்டு. முடிவில் நிறுவனப் பட்டம் இரண்டே புள்ளிகள் வேறுபாட்டில் லான்சியாவுக்குச் சென்றது. ஓட்டுநர் பட்டத்தை ஆடியின் ஹன்னு மிக்கோலா பெற்றார்.

இரண்டு சக்கரங்களை மட்டும் இயக்கும் கார் ஒன்று ராலி உலகின் நிறுவனப் பட்டத்தை வென்றது அதுவே கடைசி முறை. லான்சியாவே பின்னர் நாற்சக்கர இயக்கத்துக்கு மாறி, 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. பனி, சேறு, சரளை, தார் எல்லாம் கலந்து வரும் ஓர் ஆண்டின் மொத்தக் கணக்கில் நான்கு சக்கரங்களே முந்தும் என்பது உறுதியாயிற்று. எனினும் 1987-இல் கார்சிகாவின் தார்ச்சாலைகளில் வென்றது பின்சக்கர இயக்கமுடைய பி.எம்.டபிள்யூ எம் 3 என்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்வரலாற்றில் துயரமான பக்கம் ஒன்றும் உண்டு. அதனை உங்களிடம் மறைப்பது முறையன்று. 1985 மே 2 அன்று கார்சிகாவில் லான்சியா 037 ஓட்டிய அட்டிலியோ பெட்டேகா உயிரிழந்தார். சரியாக ஓராண்டுக்குப் பின், 1986 மே 2 அன்று, அதே கார்சிகாவில் நாற்சக்கர இயக்கமுடைய லான்சியா டெல்டா எஸ் 4 ஓட்டிய ஹென்ரி டோய்வோனனும் உடன் சென்ற செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்தனர். மட்டற்ற ஆற்றல் கொண்ட அவ்வகைக் கார்கள் அவ்வாண்டோடு உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. பின்சக்கரமாயினும் நாற்சக்கரமாயினும், எல்லை கடந்த வேகத்திலிருந்து எந்த அமைப்பும் நம்மைக் காப்பதில்லை. இதற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. கிளம்பும்போதுதான் இரு வகைகளுக்கும் வேற்றுமை. நிற்கும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக்குகளாலேயே நிற்கின்றன. நாற்சக்கர இயக்கம் பனியில் கிளம்ப உதவும், நிற்க உதவாது. நீங்கள் பிற்காலத்தில் எந்தக் காரை ஓட்டினாலும் இதனை நினைவிற்கொள்ளுங்கள்.

பிற்காலப் பொறியாளர்கள் இரண்டையும் இணைக்க வழி கண்டனர். 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். கார் பெரும்பாலும் பின்சக்கரங்களால் ஓடும். அவை வழுக்கத் தொடங்கினால் ஆற்றலில் ஒரு பகுதி தானாகவே முன்சக்கரங்களுக்குப் போகும். ஆற்றலைப் பங்கிடுமுன் அக்கார் நிலத்தின் நிலையை அறிந்துகொள்கிறது.

அந்தக் கார் செய்வதைத்தான் நான் அன்று வகுப்பில் செய்யத் தவறினேன். "எது சிறந்தது?" என்று அந்த மாணவன் கேட்டபோது, "எந்த நிலத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், அவனே கணக்குப் போட்டு விடையைக் கண்டிருப்பான். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ நான் அறியேன். இப்பேச்சு அவன் செவிக்கு எட்டுமானால், காலந்தாழ்ந்து வந்த இவ்விடையை அவன் ஏற்றுக்கொள்வானாக.