வீட்டுக் கோழியின் மரபுவழித் தோற்றம்

வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். எனினும் மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட இந்தியத் தீபகற்பக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் மரபணுவும் அதில் கலந்துள்ளது.

தொடக்க ஆய்வுகள்

சிவப்புக் காட்டுக்கோழியே ஒரே மூதாதை என்று சார்லஸ் டார்வின் 1868 இல் கருதினார். 1990களில் நடந்த இழைமணி டி.என்.ஏ. ஆய்வுகளும் இதையே ஆதரித்தன. ஆனால் இழைமணி டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே கடத்தப்படுவதால், சேவல் வழியாக நிகழ்ந்த கலப்பை அது காட்டாது.

மஞ்சள் தோல்

சிவப்புக் காட்டுக்கோழியின் தோல் வெண்மையானது. ஒயிட் லெகார்ன் போன்ற பல வளர்ப்பினங்களின் தோல் மஞ்சள் நிறமுடையது. தீவனத்திலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளைச் சிதைக்கும் நொதியை பி.சி.டி.ஓ.2 என்னும் மரபணு உருவாக்குகிறது. தோலில் இம்மரபணுவின் செயற்பாடு குன்றினால் மஞ்சள் நிறமி அங்கேயே தங்கிவிடும். இது ஒடுங்கு பண்பு ஆதலால், பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறப்பட்டால் மட்டுமே வெளிப்படும். இம்மாற்றுரு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்பதை சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2008 இல் கண்டறிந்தது.

முழு மரபணுத்தொகுதி ஆய்வு

2020 இல் வெளியான ஆய்வொன்று வளர்ப்புக் கோழி, காட்டுக்கோழி ஆகியவற்றின் 863 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டது. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழித் துணையினத்திலிருந்தே வீட்டுக் கோழி தோன்றியது என்பது அதன் முடிவாகும். பிற காட்டுக்கோழி இனங்களின் கலப்பு பின்னர் நிகழ்ந்தது.

பாதுகாப்பு

காடோரச் சிற்றூர்களில் நாட்டுக்கோழியுடன் இனம் கலப்பதால் காட்டுக்கோழிகளின் தூய மரபு குன்றக்கூடும். அவ்வாறு குன்றினால், வளர்ப்பினங்களின் வரலாற்றை ஒப்பிட்டறிய உதவும் மூலமும் மறைந்துவிடும்.