தற்செயலா, காரணமா? கோலாலம்பூரில் நிகழ்ந்த அரிசிச் சோதனை

ஒரு கூற்றை ஏற்பதா, தள்ளுவதா என்பதைப் புள்ளிவிவரங் கொண்டு தேர்ந்தறியும் முறையைக் கருதுகோள் சோதனை என்பர். இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ள நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலாயாவின் வரலாற்றிலேயே தக்கதொரு சான்று உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் கொடுநோய் பரவியிருந்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மக்கள் மடிந்தனர். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரைப் பெரும்பாலும் தீண்டவில்லை. இதனைக் கண்ட நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன், குற்றம் அரிசியினுடையதே என்றார். பலர் ஒப்பவில்லை. இரு சாரார்க்கும் அரிசி மட்டுமா வேறு? தொழில், உறையுள், பழக்கம் யாவும் வேறல்லவா?

இந்த ஐயத்தைச் சோதிக்க முற்பட்டவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினர்க்கு ஒரு விடுதி, சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்கு மற்றொரு விடுதி, புழுங்கலரிசி. ஏனைய உணவு ஒன்றே. நடுவில் இரு சாராரும் விடுதி மாறினர், அரிசி மாறவில்லை. எனவே கட்டடத்தின் மேல் பழி போட இடமில்லாது போயிற்று. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். பச்சரிசி உண்டோருள் பெரிபெரியால் இறந்தோர் 18 பேர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவருமில்லை.

இனிச் சோதனைக் கணக்கைப் பார்ப்போம். முதலில், நாம் நிறுவ விரும்புவதற்கு மாறாக, “அரிசியால் வேறுபாடு இல்லை” என்றே கொள்ள வேண்டும். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது மெய்யாயின், ஒவ்வொரு சாவும் காசு சுண்டினாற்போல் எப்பக்கமும் விழலாம். இருவரே இறந்து, இருவரும் பச்சரிசிப் பக்கமாயின், அது தற்செயலாய் நிகழும் வாய்ப்பு 4இல் 1. அதைக்கொண்டு யாதும் துணிய இயலாது. ஐவராயின் 32இல் 1. பதினெண்மராயின் 2,62,144இல் 1! இத்துணை அரிய தற்செயலை நம்புவதினும் இன்மைக் கருதுகோளைக் கைவிடுவதே அறிவுடைமை.

இம்முறைக்குப் பெரிதும் வடிவு தந்தவர் ஆங்கில அறிஞர் பிஷர். 20இல் 1 என்னும் வழக்கமான எல்லை அவர் 1925இல் வெளியிட்ட நூலால் பரவிற்று. பின் 1933இல் நெய்மனும் ஈகன் பியர்சனும், மெய்யான கருதுகோளைத் தள்ளுதல், பொய்யானதைத் தள்ளாது விடுதல் என இருவகைப் பிழைகளை வகுத்துக் காட்டினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இன்மைக் கருதுகோளைத் தள்ள இயலாமற் போனால், அது மெய்யென நிறுவப்பட்டதாகாது. சான்று போதவில்லை என்பதே பொருள். தள்ளினாலும், காரணத்தின் உள்ளியல்பைச் சோதனை சொல்லிவிடாது. தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1ஐ 1926இல் ஜாவாவில் ஜான்சனும் டோனாத்தும் பிரித்தெடுத்த பின்னரே அது தெளிவாயிற்று.

ஆசிரியர்கள் இக்கணக்கைக் கற்பிக்கையில் ஒன்றை மறத்தலாகாது. தம் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதோர் மேல் நடந்த சோதனை இது. பதினெட்டு என்பது இங்கு வெறும் எண்ணன்று, பதினெட்டு உயிர்.